கொஹிமாப் போரும் கோணிப்பை அரிசியும்

2013 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, இலண்டன் மாநகரிலுள்ள தேசியத் தரைப்படை நூதனசாலையில் ஒரு சபை கூடிற்று. பிரித்தானியப் படைகள் பொருத போர்களுள் தலையாயது எது என்பதே சபையின் முன் வைக்கப்பட்ட வினா. வாட்டர்லூ, நோமண்டி முதலிய ஐந்து போர்கள் இறுதித் தேர்வுக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றின் சார்பிலும் ஒரு சரித்திர ஆசிரியர் எழுந்து பேசினார். பின்னர் சபையோர் இரகசிய வாக்களித்தனர். நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ வெல்லவில்லை, நோமண்டியும் வெல்லவில்லை. இராணுவ சரித்திர ஆசிரியரான றொபேட் லைமன் எடுத்துரைத்த இம்பால்–கொஹிமாப் போரே வாக்குகளில் ஏறக்குறையப் பாதியைப் பெற்றது.

இம்முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஏனெனில் அப்போரைப் புரிந்த பதினான்காவது சேனையினர், யுத்த காலத்திலேயே தம்மை ‘மறக்கப்பட்ட சேனை’ என்று கூறிக்கொண்டவர்கள். மறக்கப்பட்ட அப்போர் எத்தகையது?

1944 மார்ச் மாதத்தில், ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி மூன்று டிவிஷன்களுடன் பர்மாவிலிருந்து இந்திய எல்லையைத் தாண்டினார். மணிப்பூரின் இம்பால் சமவெளியைக் கைப்பற்றுவது அவர் நோக்கம். நேதாஜி சுபாஷ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவமும் உடன் சென்றது. மலாயாவிலிருந்த தமிழர் பலர் சேர்ந்திருந்த இராணுவம் அது. எதிர்நின்ற பிரித்தானிய சேனையிலோ பஞ்சாபியர், கூர்க்கர், மதராசியர் முதலிய இந்திய வீரரே மிகுதி. இந்தியனை இந்தியன் எதிர்கொண்ட களம் அது என்பதை மறத்தலாகாது.

சத்தோ என்னும் தளபதியின் கீழ் சுமார் 15,000 ஜப்பானியர் மலைகளைக் கடந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் நாகமலையிலுள்ள கொஹிமாவை முற்றுகையிட்டனர். அங்கே நின்று போராடக்கூடியவர் ஏறக்குறைய 1,500 பேரே. துணை ஆணையாளரின் பங்களாவை அடுத்த ரெனிஸ் மைதானத்தின் ஒரு புறத்தில் ஒரு சாராரும் மறுபுறத்தில் மறு சாராருமாகக் குழி வெட்டியிருந்து, கைக்குண்டுகளை எறிந்துகொண்டனர். தண்ணீரும் மருந்தும் பரசூட் மூலம் வானிலிருந்து இறக்கப்பட்டன. அவற்றுட் சில எதிரியின் பக்கத்திலும் போய் விழுந்தன. இரண்டு வாரங்களுக்குப் பின்னரே உதவிப் படை வந்து சேர்ந்தது.

வீரம் இரு பக்கத்திலும் குறைவின்றி இருந்தது. ஆயின் வெற்றியை நிருணயித்தது வீரம் மட்டுமன்று, சோறும் ஆகும்.

முத்தகுச்சியின் படையினர் மூன்று வாரத்துக்கான உணவையே சுமந்து புறப்பட்டனர். அதற்குள் பிரித்தானியரின் களஞ்சியங்களைக் கைப்பற்றிவிடலாம் என்பது கணக்கு. உடன் ஓட்டி வந்த மாடுகளுட் பல சிந்த்வின் ஆற்றிலும் மலைச் சரிவுகளிலும் மடிந்தன. எதிரே நின்ற சேனாதிபதி ஸ்லிம் வேறு கணக்குப் போட்டிருந்தார். தமது படைகளை எல்லையிலிருந்து இம்பாலுக்குப் பின்வாங்கச் செய்து, எதிரியைத் தன் களஞ்சியத்திலிருந்து தூரத்துக்கு இழுப்பதே அவர் உபாயம். சாலை துண்டிக்கப்பட்டபோது, இம்பாலில் இருந்த ஏறக்குறைய 1,50,000 பேருக்கும் விமானங்களே உணவு கொண்டு வந்தன. சீனாவுக்குப் பண்டம் ஏற்றிச் சென்ற விமானங்களுட் சிலவற்றை மவுண்ட்பேற்றன் பிரபு இப்பணிக்குத் திருப்பினார். கொஹிமா முற்றுகையிலிருந்த அதே ஏப்ரலிலேதான் அவருடைய தலைமையகம் நமது பேராதனைப் பூந்தோட்டத்துக்கு இடம் மாறியது.

மே மாத இறுதியில் சத்தோ, மேலதிகாரியின் கட்டளையை மீறித் தமது வீரரைப் பின்வாங்கச் செய்தார். வாக்களிக்கப்பட்ட உணவு வரவில்லை என்பதே காரணம். ஜப்பானிய இராணுவத்தில் இது கேள்விப்படாத செயல்; அவர் பதவி நீக்கப்பட்டார். ஜூன் 22 ஆம் தேதி கொஹிமா–இம்பால் சாலை மீண்டும் திறந்தது. படையெடுத்து வந்த ஏறக்குறைய 85,000 பேருள் 30,000 பேர் வரையில் மாண்டனர். மழைக்காலத்து மலைப்பாதையில் பசியாலும் நோயாலும் வீழ்ந்தவரே அவருட் பெரும்பாலார்.

பெரும் விளைவு தொங்கி நின்ற போர் இது என்று லைமன் வாதிட்டது பொருத்தமே. ஆயினும், ‘பிரித்தானியாவின் தலையாய போர்’ என்னும் பட்டத்தை அப்படியே ஏற்பதற்கு முன் கொஹிமாவின் கல்லறைத் தோட்டத்தை எண்ணிப் பார்த்தல் நன்று. அங்கே 1,420 கல்லறைகள் உள்ளன. சமய முறைப்படி தகனஞ் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரரின் பெயர்கள் தனியே ஒரு நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. வழி காட்டியும், குண்டுகளுக்கிடையே காயமுற்றோரைச் சுமந்தும் உதவிய நாகர்களின் ஊரோ, அப்போரிலே தரைமட்டமாயிற்று.

2019 ஆம் ஆண்டில், யப்பானியரின் உதவியுடன் இம்பாலுக்கு அண்மையில் ஒரு சமாதான நூதனசாலை திறக்கப்பட்டது. அன்று பகைவராய் வந்தோரின் மக்களும், போரைத் தம் வயல்களிற் சுமந்த மணிப்பூர் மக்களும் அங்கே ஒன்றாக நினைவுகூருகின்றனர். இலண்டனிலே ஒரு சரித்திர ஆசிரியரின் பேச்சு, மறதியிலிருந்து ஒரு போரை மீட்டது. அப்போரில் அரிசி சுமந்தவரையும், அரிசியின்றி மாண்டவரையும், எப்பக்கத்தவர் என்று பாராது அந்நினைவிற் சேர்த்துக்கொள்வது எஞ்சியோரின் கடமையாகும்.