டிஸ்கெரின்: ஒரு பரம்பரையலகும் இரு விளக்கங்களும்

ஒரு நோயின் காரணம் கண்டறியப்பட்டது என அறிவிக்கப்படும் நாளிலேயே அந்நோயின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. டிஸ்கெரற்றோசிஸ் கொன்ஜெனிற்றா என்னும் பரம்பரை நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் மருத்துவர் சின்சர் இந்நோயை விவரித்தார். 1926 இல் எங்மனும் 1930 இல் கோலும் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தனர். நகச் சிதைவு, தோலில் வலைபோன்ற நிறமாற்றம், வாயினுள் வெண்திட்டு என்பன இதன் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. எனவே இது தோல் நோயாகவே கருதப்பட்டது. ஆயினும் நோயாளர் பலரின் உயிரைக் கவர்ந்தது என்பு மச்சையின் செயலிழப்பே என்பது பின்னர் தெளிவாயிற்று.

நோயுற்றோருட் பெரும்பாலார் ஆண்களாதலின் எக்ஸ் நிறமூர்த்தத்தின் மீது ஐயம் எழுந்தது. 1998 இல் அந்நிறமூர்த்தத்தில் டீ.கே.சீ.1 என்னும் பரம்பரையலகு இனங்காணப்பட்டது. அது ஆக்கும் புரதமே டிஸ்கெரின். மதுவத்தில் அதனையொத்த புரதம் முன்னரே அறியப்பட்டிருந்தது. புன்கருவினுள், சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இடங்காட்ட, றைபோசோம் ஆர்.என்.ஏ. யின் குறித்த யூரிடீன்களை அது சூடோயூரிடீனாக மாற்றுகின்றது. இம்மாற்றம் றைபோசோம் செவ்வனே அமைய உதவுவது. ஆகவே இது புரதத் தொகுப்பின் குறைபாட்டால் விளையும் நோய் எனக் கொள்வது இயல்பாயிற்று.

ஈராண்டு கழியுமுன் அவ்விளக்கம் அசைந்தது. 1999 இல் மிச்செல், வூட், கொலின்ஸ் ஆகியோர் டிஸ்கெரின் ரெலோமரேசு நொதியத்தின் ஆர்.என்.ஏ. யுடனும் இணைவதைக் காட்டினர். நோயாளரின் கலங்களில் றைபோசோம் ஆர்.என்.ஏ. யின் மாற்றத்திற் குறை தென்படவில்லை. நிறமூர்த்த முனைகளோ குறுகியிருந்தன. 2001 இல், டிஸ்கெரினிற் பழுதற்ற வேறொரு நோய்க் குடும்பத்தில் ரெலோமரேசு ஆர்.என்.ஏ. யிலேயே விகாரம் காணப்பட்டமை இக்கருத்தை வலுப்படுத்தியது.

எனினும் முதல் விளக்கம் மறையவில்லை. 2003 இல், டிஸ்கெரின் குறைந்த எலிகளில் நிறமூர்த்த முனைகள் குறுகுமுன்னரே நோய்க்குறிகள் தோன்றியமை வெளியிடப்பட்டது. அவ்வெலிகளில் றைபோசோம் ஆர்.என்.ஏ. யின் மாற்றம் குறைவுற்றிருந்தது.

இன்று ரெலோமரேசுக் குறைபாடே முதன்மைக் காரணமாக ஏற்கப்படுகின்றது. றைபோசோமின் பங்கு இன்னும் ஆராயப்படுகின்றது. ஒரு புரதம் இரு பணி புரியுமிடத்து ஒரு நோய்க்கு ஒரு காரணமே உண்டு எனத் துணிதல் தகாது. சின்சர் கண்ட நகச் சிதைவிலிருந்து நிறமூர்த்த முனைவரை நீண்ட இவ்வரலாறு புகட்டும் பாடம் அதுவே எனலாம்.