மெதுவாகப் போன படகு

விடுதி நாட்களில் விடிய விடிய நாங்கள் போட்ட சண்டை ஒன்று உண்டு. அது 'செல்டா' பற்றியது. 1986-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தொடங்கிய வீடியோ கேம் தொடர் அது.

2002-ல் ஜப்பானில் வெளிவந்த 'விண்ட் வேக்கர்' கேமில் பாய்மரப் படகில்தான் பயணம். திசை மாற்ற, மந்திரக்கோலை அசைத்துக் காற்றைத் திருப்ப வேண்டும். "நேரம் வீண்டா!" என்பேன் நான். "மெதுவா போனாத்தான் மச்சான் அது கடல்" என்பான் அறைத்தோழன். உலகெங்கும் ரசிகர்கள் இப்படித்தான் பிரிந்து நின்றார்கள். 2013 மறுபதிப்பில் வேகப் பாய் வந்தது. விரும்பியவர் பழைய பாயிலேயே போகலாம்.

2011-ல் வந்த 'ஸ்கைவர்ட் சோர்ட்' கேமில் கையை வீசினால்தான் வாள் வீசும். நிஜ வாள் மாதிரியே இருக்கு என்று சிலர். சொன்ன பேச்சைக் கேட்கலை என்று சிலர். 2021 பதிப்பில் ஸ்டிக்கைத் தள்ளியே வாள் வீச வழி வைத்தார்கள். கைவீச்சையும் எடுத்துவிடவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், வேகத்துக்காக ஒரு மென்பொருளின் பழைய திரையை நீக்கினேன். அதில் கை பழகிய மூத்த ஊழியர்கள் தவித்துப்போனார்கள். பிறகு திருப்பி வைத்தேன்.

தம்பி, தங்கைகளே! புதுவழி போடுங்கள், பழைய வழியை அடைக்குமுன் அதில் நடப்பவரைக் கேளுங்கள். அறைத்தோழனும் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். தோல்வியை நேரில் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.