இடம் பெயர்ந்த இல்லம்

இறந்த காலத்தை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் மட்டுமே சான்றாவன அல்ல. மாந்தர் பிறந்து வாழ்ந்து மறைந்த மனைகளும் சான்றுகளே. ஆயின், ஏட்டுச் சுவடியை ஆராய்வார் மூலம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிதல்போல, மனையைக் காணச் செல்வாரும் பிரித்தறிதல் வேண்டும். இதனைத் தெளிவுறக் காட்டும் இல்லம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் உண்டு. இச்சேலம் தமிழகத்துச் சேலம் அன்று. 1626ஆம் ஆண்டில் ஆங்கிலக் குடியேறிகள் நிறுவிய கடற்கரைப் பட்டினமாகும்.

யோன் வாட் இல்லம் என வழங்கும் அம்மனை 1684ஆம் ஆண்டளவில் எழுந்தது. யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டு 26 ஆண்டுகள் கழிந்த காலம் அது. தோல் பதனிடும் தொழிலினரான யோன் வாட் கட்டிய அவ்வீடு ஒரே முறையில் கட்டி முடிக்கப்பட்டதன்று. முதலிற் புகைபோக்கியின் ஒரு புறத்தே மட்டும் அறைகள் அமைந்தன; பின்னர் மறுபுறமும், அதன் பின்னர்ப் பின்பத்தியும் சேர்ந்தன. மேல்மாடி கீழ்ச்சுவரைக் கடந்து சற்றே முன்தள்ளி நிற்கும். கூரை மிகச் செங்குத்தானது. சாளரங்களில் ஈயச் சட்டத்திற் பொருத்திய சிறுசிறு சாய்சதுரக் கண்ணாடிகள் உள. இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தச்சர் மரபு கடல் கடந்து வந்து, காடு மலிந்த நாட்டில் மரத்தாலேயே உருப்பெற்றமைக்கு இவ்வில்லம் எடுத்துக்காட்டாகும்.

இவ்வில்லம் முதலில் நின்ற இடமும் கருதத்தக்கது. அதற்கு எதிர்ப்புறத்தே நகரச் சிறைக்கூடம் இருந்தது. 1692ஆம் ஆண்டில், சூனியம் செய்தனர் என்னும் குற்றச்சாட்டு அந்நகரையும் அயலூர்களையும் அலைக்கழித்தது. 150 பேருக்கு மேற்பட்டோர் பழி சுமத்தப்பட்டனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்குக்கு உடன்படாத முதியவர் ஒருவர் கல்லேற்றி நசுக்கப்பட்டு இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்டோரை அடைத்துவைத்த சிறைகளுள் அச்சிறையும் ஒன்று. அயலவர் மீது அயலவர் பழி கூறிய அக்காலத்தில் இவ்வீடு அச்சிறைக்கு எதிரே நின்றது என்பதை எண்ணுந்தோறும், வரலாறு நூலில் உள்ள செய்தியாக அன்றித் தெருவில் நிகழ்ந்த செயலாகவே நமக்குத் தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மனை சீர் குன்றியது. பல குடும்பங்கள் வாடகைக்கு ஒதுங்கும் இடமாயிற்று. பாண் சுடும் போறணையும் அதனுள் நடைபெற்றது. அந்நிலையில் அதனைக் காத்தது அரசாங்கமன்று. எசெக்ஸ் நிறுவகம் என்னும் உள்ளூர்க் கழகமே. 1821இல் தோன்றிய வரலாற்றுக் கழகமும் இயற்கை வரலாற்றுக் கழகம் ஒன்றும் 1848இல் இணைந்து அந்நிறுவகம் ஆயின. 1910ஆம் ஆண்டில் அது வீட்டைப் பெயர்த்துத் தன் வளவுக்குள் கொணர்ந்து நிறுத்தியது. யோர்ச் பிரான்சிஸ் டௌ என்பாரின் மேற்பார்வையில் திருத்தப்பெற்று, 1912இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. சுவீடன் நாட்டில் 1891இல் திறக்கப்பட்ட இசுகான்சன் போன்ற திறந்தவெளி நூதனசாலைகளின் கருத்து, அமெரிக்காவில் வேரூன்றத் தொடங்கிய காலம் அது.

இச்செயலால் எய்திய பேறு யாது? இழந்தது யாது? மரமும் தச்சுவேலையும் பிழைத்தன, இது பெரும்பேறே. ஆயின் சிறைக்கூடத்துக்கு எதிரே நின்ற வீடு என்னும் உறவு அற்றது. சிறையும் இன்று அவ்விடத்தில் இல்லை. அன்றியும், 1684ஆம் ஆண்டுத் தோற்றத்தை மீட்கும் நோக்குடன் பிற்கால மாற்றங்கள் அகற்றப்பட்டன. இன்று காண்போர் வியக்கும் சாளரங்களும் முகப்பின் கூரைமுகடுகளும் பழைய தடயங்களைக் கொண்டு மீள அமைக்கப்பட்டவை. போறணையில் உழைத்தோரும் வாடகைக் குடியினரும் அவ்வீட்டின் வரலாற்றில் பங்குடையோரே. அவர்தம் வாழ்வுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. பின்பத்தியிலோ டௌ அவர்கள் 1830ஆம் ஆண்டளவான மருந்துக்கடை ஒன்றையும், ஒரு சதத்துக்குப் பண்டம் விற்கும் சிறுகடையையும், நெசவறையையும் அமைத்தார். அறிவுறுத்துவாரின்றிச் செல்வோர் இவை யாவும் ஒரே காலத்தன என மயங்குதல் இயல்பே.

இது கொண்டு அக்கழகத்தாரைப் பழித்தல் தகாது. அவர்கள் தலையிடாதிருந்தால், ஆராய்வதற்கு வீடே எஞ்சியிராது போயிருத்தல் கூடும். நாம் கொள்ளத்தக்க பாடம் யாதெனின், காக்கப்பட்ட ஒவ்வொரு மனையிலும் கட்டியவர் காலமும் காத்தவர் காலமும் ஒருங்கே உறைகின்றன என்பதாம். சேலத்து மனை 1684ஐப் பற்றிக் கூறுமளவு 1910ஐப் பற்றியும் கூறும். காத்த நிறுவகமும் பின்னர் மாறியது. 1992இல் அது பீபொடி நூதனசாலையுடன் இணைந்து பீபொடி எசெக்ஸ் நூதனசாலை ஆயிற்று.

எசெக்ஸ் மாவட்டம் நமக்கு முற்றிலும் அயலன்று. 1812ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சேலம் நகரிலே குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறியவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கை வந்தார். 1815இல் அதே மாவட்டத்து நியூபரிபோட் துறையிலிருந்து புறப்பட்ட அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற, கூரையிழந்த கட்டடங்களைத் திருத்தி அவர்கள் குடிபுகுந்தனர். அவர்கள் காட்சிக்காகக் காத்தாரல்லர், வாழ்வதற்காகக் காத்தனர். அதுவும் காக்கும் முறைகளுள் ஒன்றே.

நம் ஊர்களிலும் நாற்சார் வீடுகளும் சங்கடப்படலைகளும் பழைய மடங்களும் போராலும் புறக்கணிப்பாலும் குன்றி வருகின்றன. அனைத்தையும் நிறுத்திக் காத்தல் இயலாதெனினும், அவற்றின் வரலாற்றை எழுதிவைத்தல் இயலும். கட்டியவர் யார், பத்தி சேர்த்தவர் யார், எச்சுவர் எக்காலத்தது என்பவற்றை முதியோர் வாய்மொழியாலும் உறுதிகளாலும் தோம்புகளாலும் மாணவர் ஆராய்ந்து குறித்தல் வேண்டும். வீடு வீழ்ந்த பின்னர் இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் இலர்.