சாமை இறங்கிவரும் வழி

விடுமுறை நாள் காலையில் வீடே கூடி உட்கார்ந்து சாப்பிட அடையை மிஞ்சிய பலகாரம் கிடையாது. மாவைப் புளிக்கவைக்க வேண்டியதில்லை. கல்லிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடப்போட தட்டுகள் காலியாகிக்கொண்டே இருக்கும். அரிசிக்குப் பதில் சாமையில் அடை வார்க்கும் வீடுகள் இப்போது கூடிவருகின்றன. அந்தச் சாமைக்குப் பேர்போன இடங்களில் ஒன்று ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் படர்ந்த இந்த மலையிலிருந்து நம் அடுப்பங்கரை வரை சாமை வரும் வழி நெடியது.

சரிவு நிலம், மண் ஆழம் குறைவு, பாசனம் அரிது. நெல் கேட்கும் நீரை அந்தக் காடுகள் தராது. சாமை கேட்பதோ மழையை மட்டும். ஆனி, ஆடியில் உழுது விதையைத் தூவிவிட்டால் எண்பது, தொண்ணூறு நாளில் கதிர் சாய்ந்துவிடும். மலையாளிப் பழங்குடியினர் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு, விதையையும் தாங்களே எடுத்துவைத்துக் காத்த தானியம் இது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் 2019-இல் ஏடிஎல் 1 என்ற புதிய சாமை ரகத்தை வெளியிட்டது. புதிய ரகம் வரட்டும். பழைய விதைகளும் வீட்டுக் குதிர்களில் இருந்தாக வேண்டும்.

அறுத்து, களத்தில் அடித்துத் தூற்றினாலும் சாமை உடனே சோறாகிவிடாது. உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். ஆயிரம் சாமை மணிகளை நிறுத்தால் இரண்டு, மூன்று கிராம்தான் வரும். அத்தனை சிறிய மணியைப் பளபளப்பான கெட்டி உமி இறுகக் கவ்வியிருக்கிறது. அழுத்திக் குத்தினால் அரிசி நொய்யாகும். மெதுவாகக் குத்தினால் உமி அப்படியே நிற்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உரியாததை மறுபடி உரலில் போட்டு, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெண்கள் நாளெல்லாம் சுமந்த வேலை அது. ரேஷன் அரிசி மலையேறியபோது உலக்கை ஓய்ந்ததில் வியப்பில்லை. 2011 ஜூன் முதல் அந்த அரிசி இலவசமாகவும் ஆனது. பசியைத் தீர்த்த அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவித்தவர் தட்டில் அரிசிச் சோறும், நகரத்துத் தட்டில் அவர் விளைவித்த சாமையும் என்றானது என் மனதை உறுத்துகிறது.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்குத் திறந்த கதவு ஜவ்வாது மலையில் சாமைக்கும் திறக்க வேண்டும்.

உமியோடு விற்றால் சாமைக்குக் கிடைப்பது வெறும் தானிய விலை. வியாபாரி வாங்கி, சமவெளி ஆலையில் கல் நீக்கி, உமி நீக்கி, சலித்துப் பையிலிட்டதும் விலை ஏறிவிடுகிறது. நூறு கிலோ தானியத்தில் அறுபது, எழுபது கிலோ அரிசி தேறும். கழிவு போனாலும் லாபம் ஆலைப்பக்கம்தான். அதனால்தான் மலையிலேயே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து, அங்கேயே உமி நீக்கி விற்கும் முயற்சியைப் பெரிதாக மதிக்கிறேன்.

இனி அடை. இரண்டு பங்கு சாமைக்குத் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு. நாலைந்து காய்ந்த மிளகாயோடு இரண்டு, மூன்று மணி நேரம் ஊறினால் போதும். கொரகொரப்பாக அரைத்து, பெருங்காயம், உப்பு, நறுக்கிய வெங்காயம், ஒரு கை முருங்கைக்கீரை சேர்க்க வேண்டும். கல் நன்றாகக் காய்ந்ததும் மாவைக் கனமாகப் பரப்பி, நடுவில் ஒரு துளை போட்டு அதிலும் ஓரத்திலும் நல்லெண்ணெய் விடுங்கள். சாமை அடை அரிசி அடையைவிடச் சற்று எளிதில் உடையும். ஓரம் சிவந்து தானாகக் கிளம்பும்வரை திருப்பியைக் கொண்டுபோகாதீர்கள். வெல்லமும் வெண்ணெயும் இருந்தால் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்காது.

கடையில் வெள்ளைவெளேரென்று இருக்கும் சாமையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தவிட்டையும் இழந்த சாமை. மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துவைக்காதீர்கள். பையின் பின்புறத்தைத் திருப்பி, உமி நீக்கியது எந்த ஊரில் என்று பாருங்கள். ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் என்றிருந்தால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் கூடுதல் பங்கு மலையிலேயே தங்கும்.