கொலுசும் கட்டமும்: ஒரு கோலம், இரண்டு கணிப்புகள்

கோலமும் கணினியும் சந்தித்த வரலாற்றை எழுதுபவர் எவரும் கணிதவியலாளர் மார்சியா ஆஷரைத் தாண்டிப் போக முடியாது. 2002இல் ‘அமெரிக்கன் சயண்டிஸ்ட்’ இதழில் வந்த அவரது கட்டுரைதான், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1970களில் வகுத்த, குறிகளை வரிசைவரிசையாக அடுக்கி உருவம் வரையும் அணி இலக்கணங்களைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் படித்து முடிக்கும்போது, அணி இலக்கணமும், குறிகளை விதிப்படி ஒரே நேரத்தில் மாற்றி எழுதி வளர்க்கும் லிண்டன்மயர் முறைமையும் கோலத்திலிருந்து கணினிக்கு ஓடிய ஒரே வாய்க்கால் என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. அந்த எண்ணம் சரியல்ல.

1972இன் அணி இலக்கணத்தில் முதலில் ஒரு கிடைவரிசை உருவாகும். பிறகு எல்லா நெடுவரிசைகளும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளரும். சேர்ந்து வளர்ந்தாலும் ஒரு நெடுவரிசை அடுத்ததைப் பார்ப்பதில்லை. கட்டங்களின் வலையில் இயங்கும் ‘செல்லுலர் ஆட்டோமேட்டா’ என்ற கணிப்பு முறையிலோ அண்டைக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கட்டமும் மாறும். 1970இல் பரவலாக அறிமுகமான கான்வேயின் ‘லைஃப்’ விளையாட்டு அத்தகையது. உயிரியலாளர் லிண்டன்மயரும் 1968இல் அண்டைச் செல்லின் தாக்கத்தைக் கணக்கில் கொண்டே தொடங்கினார். அவரது முறைமை கோலத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த அண்டைப் பார்வை உதிர்ந்துவிட்டது. ஆஷரின் சித்திரத்தில் விடுபடுவது இந்த உதிர்வு.

‘கிருஷ்ணன் கொலுசு’ என்ற கோலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் லிண்டன்மயர் விதி ஒன்றே ஒன்று, அண்டையைப் பற்றி எதுவும் கேட்காதது. முதல் படியில் ஒரு சதுரம். அடுத்த படியில் நடுவில் ஒன்றும் அதன் நான்கு முனைகளைத் தொட்டு நான்குமாக ஐந்து. பிறகு 21, பிறகு 85. எந்தப் படியிலும் கோடு அறுவதில்லை; புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மூடிக்கொள்கிறது.

ஆண்ட்ரூ ட்ரெவரோவும் தாமஸ் ரோகிக்கியும் எழுதி 2005இல் வெளிவந்த ‘கோலி’ என்ற இலவச செல்லுலர் ஆட்டோமேட்டா மென்பொருளில், அண்டையைப் பார்க்கும் விதியாலும் இதே உருவம் வருமா என்று சோதிக்கலாம்; வீட்டுக் கணினியே போதும். பி1/எஸ்01234வி என்று விதியைக் கொடுக்க வேண்டும். நான்கு பக்க அண்டைகளில் சரியாக ஒன்று உயிரோடிருந்தால் கட்டம் பிறக்கும், பிறந்தது சாகாது. உலாம்–வார்பர்ட்டன் என்று பெயர்பெற்ற விதி இது. ஒரு கட்டத்தில் தொடங்கினால் 1, 5, 9, 21, 25, 37, 49, 85 என்று எண்ணிக்கை ஏறுகிறது. 1, 2, 4, 8ஆம் நிலைகளில் நிற்பவை கொலுசின் எண்கள்! எண் மட்டுமல்ல, உருவமும் அதுவே: உயிருள்ள கட்டம் ஒவ்வொன்றுக்கும் முனைதொடும் சதுரம் ஒன்று வரைந்து, முழுதையும் 45 பாகை திருப்பினால் கொலுசு வந்துவிடுகிறது.

இடையில் வரும் 9, 25, 37, 49 ஆகிய நிலைகளை லிண்டன்மயர் விதி காட்டுவதே இல்லை, தாவிவிடுகிறது. அறுபடாத ஒற்றைக் கோடோ கோலியின் திரையில் இல்லை. ஒரே உருவத்துக்கு இரண்டு வரலாறுகள். ஒன்றை மற்றதன் கிளையாகக் கொள்ள முடியாது.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வாசலில் கோலம் போடுபவர் எந்த வழியில் எண்ணுகிறார் என்பதற்கு இது சான்றாகாது. காலையில் இட்ட மாவு மாலைக்குள் கலைந்துவிடுவதால், உருவத்தின் பழமையை நிறுவவும் வழியில்லை. எனினும் வரிசை கூட்டிக் கோலத்தைப் பெரிதாக்கும்போது கை விளிம்பில்தான் வேலை செய்கிறது. சான்று மெலிந்ததுதான், ஆனாலும் புறக்கணிக்கத் தக்கதல்ல. ஏனெனில் சிரோமணி இணையரே 1977இல் விளிம்புகளில் வளரும் அணிகளுக்கு ஒரு முறைமை வகுத்தார்கள். உலாம்–வார்பர்ட்டன் விதியோடு முதலில் ஒப்பிட வேண்டியது 1972இன் இலக்கணத்தை அல்ல, அந்த 1977 முறைமையை.