முதியோரும் கப்பல் யாத்திரையும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நம்மவருள் வசதி பெற்றோர், வயது முதிர்ந்த தாய் தந்தையரை ஐரோப்பிய ஆற்றுக் கப்பலிலேற்றிக் கிறிஸ்துமஸ் சந்தைகளைக் காணச் செய்ய விழைவதுண்டு. நன்றே. ஆயினும் கப்பலைத் தெரிவு செய்யுமுன், நம் முன்னோர் கப்பலேறிய வரலாற்றைச் சிறிது எண்ணுதல் வேண்டும்.

இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1901-ஆம் வருஷம் திறக்கப்பட்டது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக இங்கு வந்து சிங்கப்பூர் செல்லும். 1973 வரை அது நம்மவரைச் சுமந்தது. அறை பெற்றோர் சிலர். தளத்திற் பாய் விரித்துப் படுத்தோர் பல்லோர். நாகையிற் பெருங்கப்பல் கரையை அணுகவியலாமையால், கிழவரும் கிழவியரும் கடலிலேயே படகுக்கு மாறிக் கரை சேர்ந்தனர். ஐப்பசி கார்த்திகையாயின் வாடைக் கடலின் கொந்தளிப்பும் சேரும்.

1930-ஆம் வருஷம் முதல் ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில், ஆயிரக்கணக்கான தோட்டப் பாட்டாளிகள் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப் பெற்றனர். எந்த மாதம், எந்தக் கப்பல், எந்தத் தளம் என்று அவர்களைக் கேட்டார் யார்? பால்மரம் சீவிய கைக்கு வழிச்சீட்டுக் கிடைத்தது, தெரிவு கிடைக்கவில்லை.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434-இல் தோன்றியது; பண்டிகைக்கு இறைச்சி வாங்கக் கூடிய ஒருநாட் சந்தையே பின்னர்த் திருநாட் சந்தையாய் வளர்ந்தது. ரைன், டான்யூப் ஆறுகளிற் கடலலை இல்லை; கப்பலும் பெரும்பாலும் நகரை அடுத்தே நிற்கும். இவை முதியோர்க்கு அனுகூலங்கள். பிரதிகூலங்களும் உள. பல கப்பல்களில் லிப்ட் கீழ்த்தளம் வரை செல்லாது; ஆகவே அறை எத்தளத்திலுள்ளதென முன்னரே வினவுதல் வேண்டும். கப்பல்களை அருகருகே அணைத்துக் கட்டின், ஒன்றைக் கடந்தே கரையேற வேண்டும். பழைய நகர்களின் கல் பாவிய தெருக்கள் பனியில் வழுக்கும். 2018-இல் ரைனில் நீர் மிகக் குறைந்து கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டது. அத்தகைய வேளையிற் பயணத்தின் ஒரு பகுதி பஸ்ஸிலே கழிய நேரும்.

இவற்றையெல்லாம் பிள்ளைகளே ஆராய்ந்து முடிவு செய்து, சீட்டை மாத்திரம் முதியோர் கையிற் கொடுப்பராயின், பழைய முறைக்கும் இதற்கும் வேற்றுமை யாது? படியேறும் முழங்கால் எவருடையதோ, அவரே தெரிவு செய்யட்டும். சந்தை வேண்டாம், தம் பெற்றோர் பிறந்த ஊரையே காண வேண்டுமென்று அவர் கூறுவாராயின், அதற்கே அப்பணத்தைச் செலவிடுக.