எல்லப்பிரகட சுப்பாராவ்: ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் தாக்கமும்

எல்லப்பிரகட சுப்பாராவ் (1895–1948) ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் ஆய்வு செய்த உயிர்வேதியியலாளர். பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை இவர் பெயரைத் தாங்கியது. தசையில் பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தவர்களில் ஒருவர். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர். ஆய்வாளரின் பங்களிப்பை மேற்கோள் எண்ணிக்கை கொண்டு அளப்பது எவ்வளவு குறைபாடுடையது என்பதற்கு இவருடைய வெளியீட்டு வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியவர், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அறைகூவலை ஏற்று கதராடை அணிந்தது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனதால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் பாடம் நடத்திவிட்டு 1922இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1925இல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி’யில் வெளியானது. அதில் விவரிக்கப்பட்ட செய்முறை எளிமையானது. இரத்தத்திலோ திசுவிலோ உள்ள புரதத்தை அமிலத்தால் திரித்து வடிகட்ட வேண்டும். தெளிந்த நீரில் அமில மாலிப்டேட் கரைசலையும், பிறகு ஒடுக்கும் வினைபொருள் ஒன்றையும் சேர்த்தால் நீலநிறம் பிறக்கும். பாஸ்பேட் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு நீலம் அடர்த்தியாகும். அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாஸ்பரஸின் அளவைச் சொல்லிவிடலாம். எலும்பு நோய்களையும் சிறுநீரக நோய்களையும் ஆராய்ந்த மருத்துவமனைகளுக்கும் உயிர்வேதியியல் கூடங்களுக்கும் இது பல பத்தாண்டுகள் அன்றாடக் கருவியாக இருந்தது. கட்டுரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது.

தசைச் சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தபோது நிறம் ஒரேயடியாக வந்து நிற்கவில்லை. நேரம் ஆக ஆக நீலம் ஏறிக்கொண்டே போனது. இதைச் சோதனைப் பிழை என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை. அமிலத்தில் மெல்லச் சிதையும் ஏதோ ஒரு பாஸ்பரஸ் சேர்மம் தசையில் இருக்கிறது என்று ஊகித்துப் பின்தொடர்ந்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்து, 1929இல் விரிவாக எழுதினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியினரும் இந்தப் பொருளை அடைந்திருந்தனர். ஏ.டி.பி. பற்றிய இவர்களுடைய அறிக்கையும் 1929இல் வந்தது. ஜெர்மனியின் கார்ல் லோமனும் அவ்வாண்டே தனியாக அதைக் கண்டறிந்தார். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற அன்றைய கோட்பாட்டைத் தளர்த்தியதில் இக்கட்டுரைகளுக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்து வந்த ஹார்வர்டு ஆண்டுகளில் இவருடைய உழைப்புக்கு ஏற்ற அளவில் கட்டுரைகள் வெளிவரவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோட்டைடுகளைப் பிறர் பின்னாளில் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஃபிஸ்கே அவற்றை வெளியே வரவிடாததே காரணம் என்று, அதே ஆய்வகத்தில் பயின்று 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். ஹார்வர்டில் நிரந்தரப் பதவியும் கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி நிறுவனத்துக்குச் சென்று ஆய்வு இயக்குநரானார்.

இயக்குநரின் பங்கு ஆசிரியர் பட்டியலில் முழுதாகத் தெரிவதில்லை. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பையும் தயாரிப்பையும் அறிவித்த 1946ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ கட்டுரையில், நீண்ட ஆசிரியர் பட்டியலின் நடுவே இவர் பெயர் உண்டு. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசைன் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் உண்டு. ஆனால் இவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரினைக் கொண்டு, இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிட்னி ஃபார்பர் அளித்த சிகிச்சையை விவரிக்கும் 1948ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் இவர் இல்லை. 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாகச் சொல்லும் அக்கட்டுரைதான் புற்றுநோய் மருந்து சிகிச்சையின் தொடக்கங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பற்றிய அவ்வாண்டுக் கட்டுரையும் பெஞ்சமின் டக்கர் ஒருவர் பெயரில் வந்தது. அந்த மருந்தைத் தேடிக் கண்டடைந்த திட்டம் சுப்பாராவின் மேற்பார்வையில் நடந்தது.

மேற்கோள்களை முறையாக எண்ணும் பழக்கமே இவருடைய மறைவுக்குப் பின் வந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் அந்த யோசனையை முன்வைத்தார். அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளியானது. இவர் பெயர் அச்சில் சுப்பாராவ் என்று ஒரே சொல்லாகவும், இடையில் பெரிய எழுத்து வைத்தும், சுப்பா ராவ் எனப் பிரித்தும் காணப்படுவதால் கணினித் தேடலில் பதிவுகள் சிதறுகின்றன. இன்னொரு இழப்பும் உண்டு. 1959இல் பார்ட்லெட் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையைத் திருத்தி எழுதிய கட்டுரை மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒன்றாயிற்று; அந்தக் கணக்கு பார்ட்லெட்டுக்குத்தான் போகும். முறை பாடநூலில் ஏறியபின் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறைப்படி’ என்று மட்டும் எழுதி, மூலக் கட்டுரையைச் சுட்டாமல் விடுவோரும் பெருகினர். எச்–குறியீடு போன்ற அளவுகோல்கள் இவற்றில் எதையும் பிடிக்காது. ஆகவே இவரை எண்களால் மதிப்பிடுவது தவறு என்றே சொல்ல வேண்டும்.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். 1995இல் இந்திய அரசு இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. ஃபோலிக் அமிலம், டைஎதில்கார்பமசைன், அமினோப்டெரினின் வழிவந்த மீத்தோட்ரெக்சேட் ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.